“பூப்பறிக்க இயந்திரம் இல்லை” என்பது பிரச்சினை ஆகாது

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறோம், நான்கு பேர். மல்லிகைப் பூப்பறிக்கும் இயந்திரம்தான் எங்கள் புராஜெக்ட். “பூப்பறிக்க இயந்திரம் இல்லாததால் விவசாயிகள் சிரமப்படுகிறார்கள், எனவே குறைந்த விலையில் ஓர் இயந்திரம் செய்கிறோம்” என்று பிராப்ளம் ஸ்டேட்மென்ட் (எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்ற குறிப்பு) கொடுத்தோம். கைடு திருப்பி அனுப்பிவிட்டார். எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் கைடு செய்தது சரி. நீங்கள் எழுதியதில் விடை இருக்கிறது, கேள்வியைக் காணோம். இயந்திரம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். “விவசாயிகள் சிரமப்படுகிறார்கள்” என்பதுதான் மிஞ்சும். யார், எந்த நேரத்தில், எவ்வளவு இழக்கிறார்கள்? அது தோட்டத்துக்குப் போனால்தான் தெரியும்.

மல்லிகை மொட்டு சாயங்காலத்துக்கு மேல் விரியும். அதற்குள் பறித்து, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சேர்த்து, விற்று, கட்டி முடிக்க வேண்டும். அதனால்தான் இருட்டிலேயே பறிப்பு தொடங்கிவிடுகிறது. இந்த ஓட்டத்தில் அடி விழும் இடம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒருவருக்குப் பூ கொட்டும் மாதங்களில் ஆள் கிடைக்காது. இன்னொருவருக்கு ஆள் உண்டு. ஆனால் வரத்து கூடி விலை விழுந்த அன்று பறிப்புக் கூலிக்கே கட்டாது, பூவைச் செடியிலேயே விட்டுவிடுவார். அடுத்த தோட்டத்தில் மணிக்கணக்காகக் குனிந்தே நிற்கும் பெண்களுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. வேறொருவருக்குப் பூ நேரத்தோடு பறித்தாகிவிடும், வண்டிதான் வராது.

நான்கையும் சிரமம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். ஆனால் முதலாமவருக்கு வேகமாகப் பறிக்க ஒரு கருவி வேண்டும். இரண்டாமவருக்கு மொட்டை விரியவிடாமல் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி உதவலாம். மூன்றாவது தோட்டத்துக்குச் சக்கரம் வைத்த தாழ்வான இருக்கை போதுமாக இருக்கலாம். நான்காமவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒரு வண்டி பேசினால் முடிந்தது, இயந்திரமே வேண்டாம். எது உண்மை என்று தெரியாமல் மோட்டாரும் சென்சாரும் வாங்காதீர்கள்.

கூலி எப்படி என்பதையும் கேளுங்கள். கிலோவுக்குக் கூலி என்றால், வேகத்தைக் கூட்டும் கைக்கருவி பறிப்பவரின் வருமானத்தைக் கூட்டும். ஆளே வேண்டாத இயந்திரம் அதே பெண்ணின் வருமானத்தை எடுத்துவிடும். யாருடைய பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்பதை எழுத்தில் வையுங்கள். பல மாணவர்கள் இந்த இடத்தை மழுப்பிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கேள்வி சரியாக அமைந்தால் வடிவமைப்பு எப்படித் தெளிவாகும் என்பதற்கு நம் வயலுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையே உதாரணம். பொறியாளர் பென்னிகுயிக் 1887இல் வேலையைத் தொடங்கி 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீரைத் தேக்குவது மட்டும் அங்கே நோக்கமல்ல. மேற்கே ஓடும் தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம், வைகைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் நீர்மட்டத்தை, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வாய் வரை உயர்த்துவதுதான் அணையின் முதல் வேலையானது. 104 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் இன்றும் நம் பக்கம் வராது. எவ்வளவு தேங்குகிறது என்று மட்டும் பார்ப்பவருக்கு இது குறையாகத் தெரியலாம். என்ன கேட்டார்கள் என்று தெரிந்தவருக்கு உயரக் கணக்கு உடனே புரியும்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பறிப்பு நேரத்தில் ஒரு வாரம் கூடவே நில்லுங்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் பறிக்கிறார்? அந்த நேரத்தில் பறிக்க எவ்வளவு, நடக்கவும் மடியைக் காலிசெய்யவும் எவ்வளவு? அப்புறம் கையை உற்றுப் பாருங்கள். ஒரே கொத்தில் இன்றைய மொட்டும் நாளைய மொட்டும் ஒட்டி நிற்கும். விரல் இன்றையதை மட்டும் கிள்ளும். உங்கள் கருவிக்கு மிகக் கஷ்டமான வேலை இதுதான் என்பது என் கணிப்பு. இதழ் நசுங்கினால் பழுத்துப்போகும். பாத்தியில் ஈரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. இவை எல்லாம் உங்கள் வரம்புகள்.

ஆள் பற்றாக்குறைதான் என்று தெரிந்தால் இப்படி எழுதலாம்: “இந்தத் தோட்டத்தில் சீசனில் காலை இத்தனை மணிக்குள் இத்தனை கிலோ பறிக்க இத்தனை பேர் வேண்டும்; கிடைப்பவர்கள் இத்தனை பேர். மிச்சமாகும் பூவால் நாளுக்கு இத்தனை ரூபாய் நஷ்டம். இருக்கிற ஆட்களே நேரத்துக்குள் முழுவதையும் பறிக்க வழி வேண்டும். நூறு மொட்டில் இளமொட்டும் நசுங்கியதும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக் கூடாது. செலவு இவ்வளவுக்குள்.” ‘இத்தனை’ வரும் இடமெல்லாம் நீங்கள் அளந்த எண் வர வேண்டும். இயந்திரம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி ரிவ்யூவில் சோதனை எப்படி என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அதே தோட்டம், அதே நேரம், கருவியோடும் கருவி இல்லாமலும்.

காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் கவாத்து செய்து செடியை வெட்டிவிடுவார்கள், குளிரில் பூ குறைவு, மார்ச்சில்தான் மறுபடி கொட்டும். அதனால் அளவெடுப்பதைக் கவாத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கருவியை மார்ச்சுக்குத் தயாராக வைத்தால் ஏப்ரல் ரிவ்யூவுக்கு முன் தோட்டத்திலேயே சோதித்துவிடலாம்.