எந்த வாரம் அண்ணாச்சி?

கேள்வி: நம் பிரதமர் ஒரு நாள்கூட லீவு போடாமல் வாரம் ஏழு நாளும் உழைக்கிறாராமே! ஒரு தேசியத் தலைவரின் ஒரு வாரம் எப்படித்தான் இருக்கும்?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: லீவு சங்கதி சரிதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குப் பிரதமர் அலுவலகமே அப்படித்தான் பதில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பாதி தீர்ந்தது.

ஆனால் அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு 'வாரம்' என்கிறீர்களே, எந்த வாரம்? தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊரில் வாரம் என்பது கிழமைக் கணக்கா, நெல் கணக்கா? விளைந்த நெல்லைப் பங்கு போட்டால் மேல்வாரம் நிலக்காரருக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. எங்கள் தாத்தாவிடம் யாராவது "இந்த வாரம் எப்படி?" என்றால், "பாதிக்குப் பாதிதான், வைக்கோல் தனி" என்பார்.

அப்புறம் வாரச்சாப்பாடு. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பிட்டுப் படித்த ஏழைப் பையன்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர். இப்போது அந்த வழக்கத்தைத் தேர்தல் நேரத்தில் தலைவர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள். இன்றைக்கு இந்தச் சாதியில் ஒரு வீடு, நாளைக்கு அந்தச் சாதியில் ஒரு வீடு. சொதி ஊற்றும்போது ஒரு போட்டோ, இஞ்சித் துவையலைத் தொடும்போது ஒரு போட்டோ, வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை என்று மறுபடியும் ஒன்று. அதற்குள் சொதி ஆறிவிடும். ஆறின சொதியை ருசித்துச் சாப்பிடுகிறவர் நாட்டையும் ஆள்வார், எதையும் ஆள்வார். பழைய வாரச்சாப்பாட்டுப் பையன் தன் இலையைத் தானே எடுத்துப் போட்டான் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் பாளையங்கோட்டையிலிருந்து கார்டு வரும். அங்கே ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். நான் 'வாராந்திரம்' என்று எழுதினால் போதும், 'வாராந்தரம்' என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். பதினோரு வருஷமாக நடக்கிறது. அவர் சொல்வதுதான் சரி. அதனால்தான் நான் மாற்றிக்கொள்வதில்லை.

சரி, தலைவரின் வாரம். எனக்குத் தெரிந்த வாரம் ஒன்று உண்டு, அதுவும் இந்தச் சீமையிலேயே. 1908 பிப்ரவரி 27, வியாழக்கிழமை. தூத்துக்குடியில் வெள்ளைக்காரன் நடத்திய கோரல் நூல் மில்லில் வேலைநிறுத்தம் ஆரம்பம். கூலியை உயர்த்து, வாரத்துக்கு ஒரு நாள் லீவு கொடு என்று கேட்டார்கள். முன்னால் நின்றவர் வக்கீல் வ.உ.சி. ஏற்கெனவே அவர் தலையில் சுதேசிக் கப்பல் கம்பெனி. போதாததற்கு, கூலியில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு ஊரில் பணம் திரட்டினார், வெளியே வேறு வேலை பார்த்துக் கொடுத்தார், சாயங்காலமானால் கூட்டத்தில் பேசினார். வெள்ளைக்காரன் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதி முகத்தோடு சவரத்தை நிறுத்திவிட்டு நாவிதர் எழுந்து போனார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த மிச்சப் பாதியை யார் மழித்தார்கள் என்றுதான் எனக்கு விசாரிக்க ஆசை.

ஒன்பது நாளில் மில் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிறு லீவு கிடைத்தது. வ.உ.சி.க்கு? 9ஆம் தேதி திங்கள், வங்காளத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடினார்கள். 12ஆம் தேதி வியாழன், திருநெல்வேலியில் கைது. வியாழனிலிருந்து வியாழன், சரியாகப் பதினாலு நாள். மறுநாள் வெள்ளி, ஊரே தெருவில். முனிசிபல் ஆபீஸ் எரிந்தது, போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். ஜூலையில் தீர்ப்பு: இரட்டை ஆயுள், நாற்பது வருஷம். அப்பீலில் குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பரில்தான் வெளியே விட்டார்கள். நடுவில் கோயம்புத்தூர் சிறையில் செக்கு.

தலைவர் எத்தனை மணி நேரம் உழைத்தார், எப்போது தூங்கினார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். எங்கள் தாத்தா கேட்டிருந்தால் களத்து மேட்டுக் கேள்வியாகத்தான் கேட்டிருப்பார்: "அளந்ததில் குடிவாரம் எவ்வளவுடே?" கோரல் மில்காரனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை அளந்து போட்டவருக்குச் செக்கு.

பி.கு.: தமிழய்யா, 'வாராந்திரம்' இதோடு இரண்டு தடவை வந்துவிட்டது. கார்டை எதிர்பார்க்கிறேன்.