வால்நட்சத்திரத் துண்டு விலைக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அறிவியல் கண்காட்சிக்காக வால்நட்சத்திரத் துண்டு ஒன்றை 9,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். காந்தம் ஒட்டுவதைக் காட்டினார். சான்றிதழும் உண்டாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

வால்நட்சத்திரம் என்பது உறைந்த நீர், கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றோடு தூசியும் கரிமப் பொருளும் கலந்த பொலபொலப்பான கட்டி. ரொசெட்டா விண்கலம் 2014-இல் சென்றடைந்த 67பி வால்நட்சத்திரத்தின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறையப் பாதிதான். சூரியனை நெருங்கினால் அந்தப் பனி கற்பூரம்போல் உருகாமலே ஆவியாகும். கையில் கனக்கிற, காந்தம் இழுக்கிற கல்லுக்கு அங்கே இடமில்லை. அவர் காட்டிய காந்தமே அவருக்கு எதிரான சாட்சி. உருக்காலைக் கசடும் காந்தத்தில் ஒட்டும்.

நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004-இல் வைல்ட் 2 வால்நட்சத்திரத்தின் அருகே பறந்து, 2006-இல் பூமிக்கு அனுப்பியது வெறும் தூசி. பெரும்பாலும் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய துகள்கள். பனி துளிகூட வரவில்லை. நாசாவுக்கே கிடைக்காதது உங்கள் தரகருக்கு எந்த வழியாக வந்ததாம்?

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் அவரே அதை எடுத்து வீசுவார். 1864-இல் பிரான்சின் ஓர்கெய் என்ற ஊரில் விழுந்த கரிய விண்கல், வால்நட்சத்திரத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்று வானத்தில் அதைப் பார்த்தவர்களின் குறிப்புகளைக் கொண்டு அதன் பாதையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கல் தண்ணீர் பட்டால் உதிர்ந்துவிடும். அதன் துண்டு ஒன்றில் யாரோ விதைகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தது 1960-களில்தான் அம்பலமானது. ஏமாற்றுக்கு அவ்வளவு நீண்ட வரலாறு!

'வால்நட்சத்திரக் கண்ணாடி' என்று பச்சைக் கல்லை நீட்டினாலும் மயங்காதீர்கள். மோல்டவைட் எனப்படும் அந்தப் பச்சைக் கண்ணாடி, சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் விண்கல் மோதியதில் உருகித் தெறித்த பூமிப் பொருள்தான். அதிலும் போலி ஏராளம்.

விற்பவரே அச்சடித்த சான்றிதழுக்குக் காகித விலைகூடக் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட விண்கற்களின் பட்டியலை மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டி என்ற பன்னாட்டு விண்கல் ஆய்வாளர் சங்கம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கல்லின் பெயரைக் கேட்டு அதில் தேடுங்கள். ஆனால் கையில் இருக்கும் கல்லைக் காட்டிக் கேட்க, சாதாரண மனிதர் போய் நிற்பதற்கு நம் ஊரில் ஒரு கவுன்ட்டர் உண்டா? கடிதம் போட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். இரிடியம் கலசம் விற்ற கூட்டத்துக்கு இந்த இடைவெளி போதாதா?

கண்காட்சிக்கு உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), மண், தண்ணீர், கொஞ்சம் கரித்தூள் கலந்து மகனோடு நீங்களே ஒரு மாதிரி செய்யுங்கள். உலர்பனியைப் பெரியவர்தான் தடித்த கையுறையோடு தொடவேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், மூடிய பாத்திரத்தில் வைக்கவே வைக்காதீர்கள், வெடிக்கும்.