பூங்கா மெஷினை நம்பி அம்மாவின் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தொப்பை அப்படியே இருக்கிறது, கையும் தொடையும் மட்டும் மெலிந்துகொண்டே வருகின்றன. தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். டாக்டர் பத்து கிலோ குறைக்கச் சொல்கிறார். நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவில் இலவச முகாம் போட்டிருந்தவர்கள் ஒரு மெஷினில் ஏற்றி, "உங்க உடம்போட வயசு 81, தசை ரொம்பக் கம்மி" என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்க ஒரு பவுடரை எழுதித் தந்திருக்கிறார்கள். வாங்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். அம்மா இரவுச் சாப்பாட்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு போன்றவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால், நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து, பாத்ரூம் போகிற வழியில் விழுவார்கள். பவுடர் விற்கிறவர் அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

அம்மாவுக்கு நடப்பது இதுதான். வயதாக ஆகத் தசை கரைகிறது, அந்த இடத்தில் கொழுப்பு ஏறுகிறது, தசை நார்களுக்கு நடுவிலேயே கூட. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான், அது குறைந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர், உடல்பருமனோடு சேர்ந்து வந்தால் சார்கோபீனிக் ஒபிசிட்டி. எடை மெஷினில் இது தெரியவே தெரியாது, ஆள் பூசினாற்போல இருப்பதால் வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. அமெரிக்காவிலேயே 2016-இல்தான் சார்கோபீனியாவுக்குத் தனி நோய்க் குறியீடு கொடுத்தார்கள். நம் ஓ.பி.யில் இன்னும் எடை, பிரஷர், சர்க்கரை, அடுத்த ஆள் என்றுதான் ஓடுகிறது. "நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கம்மா, பார்ப்போம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும், அதற்குக்கூட யாருக்கும் நேரமில்லை என்பது எனக்கு ஆற்றமாட்டாத கோபம்.

அந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அம்மா ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று செல்போனில் நேரம் பாருங்கள். ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சோதனைக்குப் பூங்கா மெஷின் ஈடாகாது. உடம்புக்குள் லேசான மின்சாரத்தை அனுப்பி, வருகிற தடையை வைத்து அது தசையைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருந்தால், கால் வீங்கியிருந்தால், நீர் போகிற மாத்திரை சாப்பிட்டிருந்தால் எண் மாறிவிடும். ஆஸ்பத்திரியில் முறையாகப் பயன்படுத்தினால் அதற்கும் ஓர் உபயோகம் உண்டு, ஆனால் ஆறரை மணிக்கு மரத்தடியில், நடந்து வியர்த்தவரை ஏற்றி நிறுத்தி "உடம்புக்கு 81 வயசு" என்பது பயமுறுத்தி டப்பா விற்கிற வழி. விற்கிறவர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பக்கத்துத் தெருக்காரர்கள், அவர்களுக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று கமிஷன் போகிறது. போன மாதம் என்னிடம் வந்த ஒரு பாட்டி, பென்ஷனில் பாதியை இதற்கே கொடுத்திருந்தார். டப்பாவில் "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல" என்று சின்ன எழுத்தில் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

பவுடரைப் பற்றி இன்னொன்று. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரை, சராசரி வயது 87, எடுத்துக்கொண்டார்கள். பத்து வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒரு பலனும் இல்லை.

எடை? குறைக்கத்தான் வேண்டும், ஆனால் பட்டினி போட்டு அல்ல. சாப்பாட்டை மட்டும் குறைத்து இறக்கும் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு தசையாகப் போய்விடும். திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாக ஏறும். நடை மட்டும் போதாது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய பருமனானவர்களில், சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியும் செய்த மூன்று குழுவினரும் ஒரே மாதிரி 9 சதவீத எடையை இறக்கினார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடையில் 5 சதவீதம் போனது, பளுப் பயிற்சி செய்தவர்களுக்கு 2 சதவீதம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்தான் அன்றாட வேலைகளில் நன்றாகத் தேறினார்கள்.

அதனால் முதலில் கால். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கி, எட்டிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள், அதுவும் சுலபமானால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பளு கூடாமல் தசை கூடாது. முட்டி லேசாக வலித்தால் நிறுத்த வேண்டாம், வீங்கினால் நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் புரதம். இட்லி, ரசம் சாதம், இரவில் இரண்டு சப்பாத்தி என்று போனால் ஒரு நாளைக்கு 35 கிராம் தேறுவதே கஷ்டம், அம்மாவுக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 14, ஒரு பெரிய மீன் துண்டில் 20. சாம்பாரை மேலாக மொள்ளாமல் அடியில் இருக்கும் பருப்போடு ஊற்றுங்கள். கூட்டிய அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் நீங்களாக முடிவு எடுக்கக் கூடாது: சிறுநீரகம். பத்து வருடச் சர்க்கரை என்றால் அதைப் பார்க்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் ஆல்புமின் (சிறுநீரகம் பழுதானால் கசிகிற புரதம்), இரண்டும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை கரைந்தவருக்கு அது குறைவாகத்தான் காட்டும், உள்ளே சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் எண் நல்லபடியாகத் தெரியும். சந்தேகம் இருந்தால், தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பழுது இருந்தால் புரதத்தை அளவோடு வைக்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கோ இது நேர்மாறு, அவர்களுக்குப் புரதம் அதிகம் வேண்டும். முன்பு எப்போதோ "பருப்பு சேர்க்காதீர்கள்" என்று கேட்டதையே பிடித்துக்கொண்டு, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் வெறும் சோறு போட்டு ஆளைக் குச்சியாக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பிசியோதெரபிக்கு இடுப்பு எலும்பு உடைந்த பிறகுதான் சீட்டு எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது, அதுவரை காத்திருக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இன்று ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆனது என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, இரண்டு எண்ணையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். எடையைப் பற்றி அவர் அப்போது பேசட்டும்.