முழங்காலை மடக்குங்கள்

அன்புள்ள ஐயா,

ஞாயிறுதோறும் விடியுமுன் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுக்கிறேன். கையில் 18-55 லென்ஸ். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி தொடுவானத்தையும் படகையும் ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் வைத்தும் படம் தட்டையாகவே வருகிறது. 10-18 வைட் ஆங்கிள் லென்ஸும் என்டி ஃபில்டரும் வாங்கலாமா? பிச்சாவரம் போகவும் ஆசை.

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

இருட்டில் எழுந்து கடற்கரைக்குப் போகிறவர் நீங்கள். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அனுப்பிய படங்கள் அத்தனையும் நின்றபடியே எடுத்தவை. ஒன்றிலாவது முழங்காலை மடக்கியிருக்கக் கூடாதா?

என்டி ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைத்து, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க விட்டு, அலையை வழவழப்பாக்கும், அவ்வளவுதான். அதை விடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி வரை நம் கரையில் பின்னணிக்கு மலை இல்லை. தொடுவானம் ஒரே கோடு. அந்தக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்திலேயே நிற்கும். கேமரா ஐந்தடியில் இருந்தால், அதே தரையில் கிடக்கும் நாலடிப் படகு எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொடுவானத்தைத் தாண்டாது. விடிகாலையில் கடலைப் பார்த்து எடுக்கும்போது படகு கறுப்பு, பின்னால் மணலும் தண்ணீரும் ஏறக்குறைய கறுப்பு. எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் சொல்லும் தட்டை இதுதான். இரண்டரை அடிக்கு இறங்குங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, கோட்டைத் தாண்டி வெளுத்த வானத்தில் ஏறும், படகுக்கு உருவம் கிடைக்கும்.

விதிப்படி வைத்தேன் என்கிறீர்கள். வைத்தது எப்படி? கேமராவைச் சாய்த்து. சாய்த்தால் தொடுவானம் ஃபிரேமுக்குள் ஏறி இறங்கும், ஆனால் கோடு படகை வெட்டும் இடம் மாறாது. அது மாற நீங்கள்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும், நகர வேண்டும். விதியை மனப்பாடம் செய்தவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான்.

மணல் கடலை நோக்கிச் சரிவதால் படகைவிட மேட்டில் நிற்பீர்கள். அந்த உயரத்தையும் கழித்துக் குனியுங்கள். அணியத்தின் நுனி கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்பது எல்லாவற்றிலும் மோசம். ஒன்று நன்றாகத் தாண்டட்டும், இல்லை நன்றாகக் கீழே இருக்கட்டும். அதற்காகக் கணுக்கால் உயரத்துக்கும் போய்விடாதீர்கள். ஈர மணலின் பளபளப்பும் அலை வரிகளும் ஒரே பட்டையாக நசுங்கிவிடும். படத்தில் இரண்டு படகுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் உயரம் உதவாது, பக்கவாட்டில் அரை அடி எடுத்து வைத்து நடுவே வெளிச்சம் தெரியும்படி பிரியுங்கள்.

லென்ஸைக் கேட்டீர்களே. இப்போது நிற்கும் இடத்தில் 10 மி.மீ. மாட்டினால் படகு இன்னும் சிறுத்து, வெற்று மணலும் வெற்று வானமும் பெருகும். வைட் ஆங்கிள் கிட்டப் போகிறவர்களுக்கு. உங்கள் லென்ஸிலேயே 18 மி.மீ., லென்ஸ் துவாரம் எஃப் 11 வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். அதையே இன்னும் பயன்படுத்தவில்லை நீங்கள்.

ட்ரைபாடை எடுத்தவுடன் விரித்து நடாதீர்கள். முதலில் கேமராவைக் கையில் பிடித்து உயரத்தைத் தேடுங்கள், பிறகு கால்களை அதற்கேற்ப நீட்டுங்கள். ஈர மணலில் கால்களை அழுத்திப் புதையுங்கள். திரும்பும் அலை கால்களுக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டு போகும், கோடு சாயும். ஒவ்வொரு அலைக்குப் பிறகும் கேமராத் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுச் சரிபாருங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் உட்கார்ந்தாலே கேமரா தாழ்ந்துவிடும். அங்கே தொல்லை ஆட்டம்: ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம், அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 800, 1600 என்று ஏற்றுங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள்.

வரும் ஞாயிறு ஒரே படகு, ஒரே இடம். நின்று ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று, மணலுக்கு ஒரு சாண் மேலே ஒன்று. நான்கையும் வெட்டாமல், திருத்தாமல் அனுப்புங்கள். அதுவரை கடைப் பக்கம் போகாதீர்கள்.