கருஞ்சீரக எண்ணெயைத் தோலுக்கும் தலைக்கும் தேய்க்கலாமா? பொடுகு, முடி உதிர்வுக்குக் கேட்குமா?

தோலுக்குத் தேய்க்கலாம், ஆனால் அப்படியே தேய்க்கக் கூடாது, கலந்துதான் தேய்க்க வேண்டும். வறண்டு அரிக்கும் தோலுக்கு இது நல்ல எண்ணெய். பொடுகுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முடி கொட்டுகிறது என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் குடும்பத்துக்கு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. நான் கல்லாவில் உட்காரும் நாட்களில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விதையைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். கருஞ்சீரகம் பளபளப்பில்லாத கறுப்பு, பட்டை பட்டையாக இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கி முகர்ந்தால் ஓமமும் மிளகும் கலந்ததுபோல் ஒரு காரமான வாடை வரும். வெங்காய விதையும் பார்வைக்கு அச்சு அசலாக இப்படியே இருக்கும், ஆனால் நசுக்கினால் அந்த வாடை வராது. எண்ணெய்க்கும் அதே கணக்குதான். நல்ல எண்ணெய் அடர்ந்த பழுப்பாக இருக்கும், மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறும். ‘கருஞ்சீரக ஹேர் ஆயில்’ என்று எழுதிய பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். சேர்மானத்தில் முதல் பெயர் லிக்விட் பாரஃபின் என்றோ மினரல் ஆயில் என்றோ இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

இந்த விதையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்தக் கொழுப்பு தேவை. அதோடு தைமோகுயினோன் என்ற ஆவியாகும் பொருள் கொஞ்சம் இருக்கிறது. வாடைக்கும் பெரும்பாலான மருத்துவக் குணத்துக்கும் அதுதான் காரணம். அழற்சியைக் குறைப்பதும் அதுதான், அளவு கூடினால் தோலை எரிச்சலாக்குவதும் அதுதான்.

கரப்பான் என்ற அரிப்புத் தோல் நோய்க்கு (எக்ஸிமா) கருஞ்சீரகம் கொடுப்பது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். இன்றைய ஆய்விலும் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அந்தப் பக்கம்தான். 2013இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், கையில் எக்ஸிமா வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கருஞ்சீரகக் களிம்பு, ஒரு குழுவுக்கு பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு, இன்னொரு குழுவுக்கு வெறும் ஈரப்பதக் களிம்பு என்று 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கருஞ்சீரகக் குழு பெட்டாமெத்தசோன் குழுவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தேறியது. வெறும் களிம்பு பின்தங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒப்பிட்டது ஒரு ஸ்டீராய்டோடு என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வெண்புள்ளிக்கும் சில மாத ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்காக மருத்துவர் கொடுக்கும் ஒளி சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

என் அத்தைக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். அவர் செய்வது இதுதான்: தேங்காய் எண்ணெய் பத்து பங்குக்குக் கருஞ்சீரக எண்ணெய் ஒரு பங்கு. கையைக் கழுவி, ஒற்றித் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே நாலு சொட்டு தடவிக்கொள்வார். ராத்திரி தடவிவிட்டுப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார். வெடிப்பு மூடுகிறது, அரிப்பு அடங்குகிறது. சோப்பில் கை வைக்கும்போது ரப்பர் கையுறை போடாவிட்டால் திரும்ப வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கலந்த எண்ணெயை முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். இதைத் தடவிக் கொப்புளம் வரும் அளவுக்கு ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நபிமொழியில் சொல்லப்பட்ட விதை என்று மனமார வாங்கிப் போகிறவர்களும் எங்களிடம் நிறைய பேர் உண்டு. அவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: கலந்து தடவுங்கள்.

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு ஒன்று. விதை கருகும்வரை எண்ணெயில் கொதிக்க வைத்தால் வீடெல்லாம் மணக்கும். அந்த மணம் எண்ணெயிலிருந்து போய்க்கொண்டிருக்கும் தைமோகுயினோன். பாட்டிலை வெயிலில் வாரக்கணக்கில் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் நிறைய சுற்றுகின்றன. வெளிச்சமும் அந்தப் பொருளைச் சிதைக்கும். இடித்த விதைமேல் இளஞ்சூட்டில் எண்ணெயை ஊற்றி, மூடி, இருட்டான அலமாரியில் வைத்து, பிறகு வடிகட்டுங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலே நல்லது.

இனி தலை. பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. எல்லோர் தலையிலும் வாழும் மலசேசியா என்ற பூஞ்சை, தலையின் கொழுப்பைத் தின்று வளர்கிறது. ராத்திரி முழுக்க எண்ணெய் வைத்துத் தூங்குவது அதற்குச் சோறு போடுவதுதான். மஞ்சளாகப் பிசுபிசுவென்று உரியும் பொடுகுக்கு பூஞ்சையை அடக்கும் 2 சதவீதம் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை போட்டு, நுரையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். தோல் வெறுமனே வறண்டிருந்தால் மட்டும், கலந்த எண்ணெயைக் குளிக்க அரை மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடலாம்.

முடி உதிர்வுக்குக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். “அக்கா, முடி கொத்துக் கொத்தா வருது” என்பார்கள். “ரெண்டு மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?” என்று கேட்பேன். டெங்கு, டைபாய்டு, பிரசவம் என்று ஏதோ ஒன்று இருக்கும். உடம்பு அடி வாங்கினால் நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அந்தச் சமயத்தில் தடவிய எண்ணெய்க்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். இந்த வகை உதிர்வுக்குக் கருஞ்சீரக லோஷன் தடவிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு உண்டு, 20 பேரை வைத்து. தானாகவே சரியாகும் ஒன்றில் 20 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. உதிர்வு நிற்காவிட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, முன்நெற்றி ஏறினாலோ பரம்பரை வழுக்கையாக இருக்கலாம். அதற்கு மினாக்ஸிடில் போல நிரூபிக்கப்பட்ட மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

கடைசியாக, வட்டமாகப் படர்ந்து ஓரம் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சைக்கு மருந்து போடாமல் எண்ணெய் தடவினால் நாள்தான் வீணாகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைக் காட்டி எண்ணெய் கேட்பவர்களுக்கு நாங்கள் விற்பதில்லை, தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.