அந்த ஏதென்ஸ் படங்கள் எந்த ஆண்டு?

உங்கள் அப்பா அமெரிக்காவின் ஏதென்ஸ் நகரில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது எடுத்த படங்களில் தேதியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், படத்துக்குள்ளேயே துப்பு இருக்கிறது.

முதலில் அந்த ஸ்டேடியம் படம். பின்னால் ரயில் தண்டவாளத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது என்கிறீர்களே, டிக்கெட் இல்லாதவர்கள் அங்கே நின்றுதான் பல்கலைக்கழகத்தின் சான்ஃபோர்டு ஸ்டேடியத்தில் அமெரிக்க ஃபுட்பால் பார்ப்பார்கள். ஏதென்ஸின் பழைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கூட்டம்தான். 1981இல் கிழக்குப் பக்கத்தை அடைத்து இருக்கைகள் கட்டியதும் அது போயே போய்விட்டது. ஆகவே உங்கள் படம் அதற்கு முந்தையது. பக்கவாட்டில் மேலடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். அது 1967இல் வந்தது. தெரிந்தால், இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட படம்.

பல்கலைக்கழக வாசலில் இருக்கும் மூன்று தூண் வளைவை வைத்து ஆண்டு சொல்வது கடினம், அது 1850களிலிருந்தே நிற்கிறது. செயின்ட் மேரிஸ் தேவாலயம் முழுதாகத் தெரிந்தால் 1990க்கு முந்தைய படம். ஆர்.ஈ.எம். என்ற ராக் இசைக்குழு 1980இல் முதன்முதலில் வாசித்த இடம் அது. இப்போது கோபுரம் மட்டும்தான் மிச்சம்.

அப்புறம், படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள். பிரிண்ட் போட்ட கடையின் முத்திரை இருக்கலாம்.