குடியை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவர் 12 வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்கும். கொஞ்சம் குடித்தால்தான் நிற்கும். இப்போது அவராகவே, "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்கிறார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: அவர் மனசு மாறியது நல்லது. ஆனால் மருத்துவரைப் பார்க்கும் முன் அடியோடு நிறுத்த வேண்டாம்.

காரணம் அந்தக் காலை நடுக்கம். மது மூளையின் வேகத்தை அடக்கும். வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்த மூளை, ஈடுகட்டத் தன் ஓட்டத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். ஓர் இரவு இடைவெளிக்கே கை நடுங்குகிறது என்றால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டது. இது அவருடைய மனவுறுதிக் குறைவு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019இல் சுமார் 20.9 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்தார்கள்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். குடும்பங்கள் ஏமாறுவது மூன்றாம் நாளில்தான். "ரெண்டு நாள் தாண்டியாச்சு" என்று மூச்சு விடும்போது, 48 முதல் 96 மணி நேரத்துக்குள், சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் தலைகாட்டும். நாளும் இடமும் குழம்பும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், காய்ச்சலடிக்கும், நாடி எகிறும். மனநோய் என்று நினைத்து அறையில் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம்.

முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ இந்தக் குழப்பமோ வந்திருந்தால் வீட்டுப் பேச்சே வேண்டாம், மருத்துவமனையில் சேருங்கள். இல்லாவிட்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக, கூடிய மூளை வேகத்தை அடக்கும் க்ளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தை ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள்; கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

பலருக்குத் தெரியாதது தயமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடிப்பவர் உடலில் இது வறண்டிருக்கும். 'தெம்புக்கு' என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகவே போகலாம். குளுக்கோஸ் ஏற்றினால் தயமின் ஊசியும் போடுகிறார்களா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை டைசல்ஃபிராமாக இருக்கும். கூடவே கூடாது. இது மது செரிப்பதைப் பாதியில் நிறுத்தி, அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளை உடலில் தேங்க வைக்கிறது. விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி என்றால் உயிருக்கே ஆபத்து. தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவர்கூட மது நின்று 12 மணி நேரமாவது கழிந்தபிறகே தொடங்க வேண்டும். மாத்திரையை விட்டபின் இரண்டு வாரம்வரை விளைவு இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகூட ஆகாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது தினசரி அளவு, கடைசியாகக் குடித்த நேரம் இரண்டையும் குறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரை உட்பட அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.